நல்லூரில் கொடுத்துவிட்ட வெற்றிலை

காலை 6.10. வல்வெட்டித்துறையிலிருந்து வந்த யாழ்ப்பாணம் பஸ்ஸில் உடுப்பிட்டிச் சந்தியில் நானும் என் மகள் வதனாவும் ஏறினோம். எழுபத்து நான்காம் ஆண்டு, மாசி மாதம், புதன்கிழமை. புகையிலைக்கு முதல் நாளே தண்ணீர் கட்டி முடித்திருந்தபடியால் தோட்டத்தை ஒரு நாள் விட்டுவர முடிந்தது. நல்லூருக்குப் பதினைந்து மைல். ஒருவருக்கு எழுபத்தைந்து சதம்.

எங்கள் பகுதியில் பிள்ளையைப் படம் கீறப் படிக்க அனுப்பியவர்கள் குறைவு. அதனால் எதற்காகப் போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது வெளிநாட்டுச் சாமான் வருவதில்லை. சவர்க்காரம், ஊதுபத்தி, பிஸ்கற்று எல்லாம் உள்ளூரிலேயே செய்கிறார்கள். அத்தனைக்கும் லேபல் வேண்டும், பெட்டி வேண்டும், கடையில் ஒட்ட விளம்பரம் வேண்டும். வதனாவுக்கு அந்த வேலையில்தான் விருப்பம். சித்திரத்தில் நல்ல புள்ளி எடுத்திருந்தாள். நல்லூரில் ஒரு சித்திரக் கல்லூரி, கீரிமலையில் இன்னொன்று. இரண்டுக்கும் எழுதினாள், இரண்டிலிருந்தும் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. இரண்டும் மூன்று வருடப் படிப்பு. நல்லூரில் முடித்தால் பள்ளிக்கூடத்தில் சித்திர ரீச்சர் வேலை கிடைக்கும் என்றார்கள். கீரிமலையில் அப்படி ஒரு உறுதியும் இல்லை. இரண்டையும் பார்த்துவிட்டுப் பிள்ளையே தெரிவு செய்யட்டும் என்று வீட்டில் முடிவு செய்தோம்.

என் மனைவி ஒரு பையைத் தந்திருந்தாள். அதில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலைக்குள் மடித்து வைத்த ஒரு ரூபாய் நாணயக் குற்றி. "பிள்ளைக்கு எது பிடிக்குதோ அங்கை குடுங்கோ" என்றாள். படிப்பிப்பவரின் கையில் வெற்றிலை கொடுத்தால் பிள்ளையை அவரிடம் ஒப்படைத்ததாகத்தான் எங்களில் கணக்கு.

இரு பக்கமும் உப்பேரி கிடக்கும் வல்லைவெளியில் காற்று பஸ்ஸை ஒரு பக்கமாகத் தள்ளியது. மிதிபலகையில் நின்ற ஒருவருடைய சால்வை பறந்து உப்புத் தண்ணீரில் விழுந்தது. "அண்ணை, நிப்பாட்டட்டோ? நீந்தத் தெரியுமோ?" என்று கொண்டக்டர் கேட்டான். பஸ் முழுதும் சிரித்தது. சால்வைக்காரரும் சிரித்தார். ஆவரங்கால், புத்தூர், நீர்வேலி, கோப்பாய் என்று வாழைத் தோட்டங்களுக்கூடாக வந்து 7.20க்கு நல்லூரில் இறங்கினோம்.

கோயிலைக் கும்பிட்டுவிட்டு ஒரு கடையில் தேநீர் குடித்தோம். பதினைந்து சதம். சீனித் தட்டுப்பாடு, தேநீரில் சீனி போடாமல் உள்ளங்கையில் ஒரு நுள்ளு வைத்தார்கள். என் கையில் வைத்தது மூன்று முடறுக்கும் போதவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் குடித்தேன்.

8.30. கல்லூரி ஒரு ஒடுங்கிய ஒழுங்கைக்குள் இருந்தது. பெரிய பழைய வீடு, உயர்ந்த யன்னல்கள், வெள்ளை அடித்த நீண்ட மண்டபம். உள்ளே முப்பது பிள்ளைகளளவில் நீள வாங்குகளில் உட்கார்ந்து, சுண்ணாம்பில் வார்த்த ஒரு மனிதக் காலை எல்லோருமாகக் கீறிக்கொண்டிருந்தார்கள். கரி கடதாசியில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. மேசையில் ஒரு காலை வைத்து அதை மாதக் கணக்காகக் கீறுவார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஒரு பையன் கீறியிருந்த காலில் நரம்பு புடைத்திருந்தது. தோட்டத்தில் நாளெல்லாம் நின்றவனுடைய கால் போலவே இருந்தது. நல்ல இடம் என்று பட்டது.

அங்கே படிப்பித்த மாஸ்டர் கதிரையிலிருந்து எழும்பினார். எழுபது வயதளவில், வெள்ளை வேட்டி, நரைத்த மீசை. "என்ன அலுவலாய் வந்தனீங்கள்?" என்று கேட்டார்.

முப்பது பிள்ளைகளும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்கள். 'பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்தோம்' என்று சொல்ல வேண்டியதுதான். பஸ்ஸில் அதைப் பலமுறை மனதுக்குள் சொல்லியும் வைத்திருந்தேன். ஆனால் குரல் வரவில்லை. கைகளை என்ன செய்வதென்றும் தெரியவில்லை. இரண்டு கையாலும் பையை நீட்டிவிட்டேன்.

அவரும் இரண்டு கையாலும் வாங்கினார். வெற்றிலையைக் கண்டதும் முகம் மாறியது. பிள்ளையார் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு, பிள்ளைகளின் பெயர் பதியும் டாப்பைத் திறந்து வதனாவின் பெயரைக் கேட்டு எழுதினார். அவள் என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். மாஸ்டர் ஒரு கரித்துண்டை அவள் கையில் கொடுத்து ஒரு கோடு கீறச் சொன்னார். கீறினாள். "கை நல்ல கை. ஆனால் இறுக்கிப் பிடிக்கிறாய். வெள்ளிக்கிழமை தொடங்கலாம்" என்றார். என்னிடம் திரும்பி, "வெத்திலை வாங்கினாப் பிறகு இனிப் பிள்ளை எங்கடை, தம்பி" என்றார்.

ஒழுங்கை முடியும்வரை வதனா எனக்கு முன்னால் நடந்தாள். பிறகு, "மற்ற இடத்தையும் ஒருக்காப் பாத்திட்டு வருவம் அப்பா. பாக்கிறதிலை என்ன?" என்றாள்.

நல்லூரிலிருந்து யாழ்ப்பாணம் பஸ் நிலையம் இரண்டு மைல். நடந்தோம். 10.40க்குக் கீரிமலை பஸ். பதின்மூன்று மைல், அறுபத்தைந்து சதம். கொக்குவில், கோண்டாவில், இணுவில் தாண்டிச் சுன்னாகத்தில் சந்தைக் கூட்டம் ஏறியது. எங்கள் வாங்கில் வந்து நெருக்கிக்கொண்டு இருந்த ஒரு பெரியவர் தோளில் துவாயும் கையில் சவர்க்காரமுமாகக் கேணியில் முழுகப் போகிறவர். எங்கே போகிறோம் என்று விசாரித்தார். வதனா சொன்னாள்.

"படம் கீறிறதுக்கு ஒரு படிப்போ? படம் சோறு போடுமோ பிள்ளை?"

"உங்கடை கையிலை இருக்கிற சவர்க்காரத்துக்கு என்ன பேர், ஐயா?"

"பேர் ஆருக்குத் தெரியும்? மயில் படம் போட்டது."

"அப்ப அந்த மயிலைக் கீறினவருக்குச் சோறு கிடைச்சிருக்கும்."

அவர் சவர்க்காரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உவள் வாய்க்காறி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, தெல்லிப்பழை வரும்வரை மயிலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

11.50. இரண்டாவது கல்லூரி, யாத்திரிகர் தங்குவதற்கென்று முன்பு கட்டிய ஒரு மடத்தில் இருந்தது. கடற்காற்றில் சுவர்கள் கறுத்திருந்தன. பிள்ளைகள் பன்னிரண்டு பேர்தான். நல்ல கடதாசி கிடைக்காதபடியால் சீமெந்துப் பையை வெட்டி, உதறி, அதில் கீறினார்கள். சத்தத்துக்குக் குறைவில்லை. பொறுப்பாயிருந்தவர் நாற்பது வயதுக்கு உட்பட்ட ஒரு ரீச்சர். எல்லோரும் மிஸ் என்றே கூப்பிட்டார்கள். விரல்களில் மை. எங்களை இருக்கச் சொல்லிவிட்டு, மூன்று அங்குல அகலமான ஒரு மட்டையை வதனாவிடம் நீட்டினார்.

"வேப்பெண்ணெய்ச் சவர்க்காரம். இந்தப் பேரை இதுக்கை அடக்குமன் பாப்பம். எல்லாரும் காலமை தொடக்கம் இதோடைதான் மல்லுக்கட்டினம்."

நான் ஒரு மூலையில் இருந்தேன். வதனா முதலில் எல்லா எழுத்தையும் ஒரே வரியில் நெருக்கினாள், அழித்தாள். இரண்டு வரியாக்கினாள், அழித்தாள். பிறகு 'வேப்பெண்ணெய்' என்பதைப் பெரிதாகவும் 'சவர்க்காரம்' என்பதைக் கீழே சிறிதாகவும் எழுதினாள். ஏன் அப்படி என்று மிஸ் கேட்டார். "சவர்க்காரமெண்டு தொட்டாலே தெரியும் மிஸ். என்ன சவர்க்காரமெண்டுதான் தெரியவேணும்." பக்கத்தில் இருந்த பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு மணித்தியாலம் போயிருந்தது. கொண்டுவந்த சாப்பாட்டை நாங்கள் இருவருமே மறந்துவிட்டோம்.

மிஸ் ஐந்து மட்டைகளை ஒரு கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஐயா, பத்தடி தள்ளி நிண்டு வாசியுங்கோ. எது முதல் தெரியுதெண்டு சொல்லுங்கோ."

"நான் ஐஞ்சாம் வகுப்புத்தான் படிச்சனான்" என்றேன்.

"அப்படி ஒருத்தர்தான் எங்களுக்கு வேணும். கனக்கப் படிச்ச ஆக்கள் எழுத்துப் பிழையாய்க் கிடந்தாலும் தாங்களே நினைச்சு வாசிச்சுப் போடுவினம்."

வாசித்தேன். நாலாவது மட்டை உடனே பிடிபட்டது. வதனாவுடையது இரண்டாவதாகத்தான் வந்தது. மற்றவற்றை என்னால் வாசிக்க முடியவில்லை. எழுதிய பிள்ளைகள் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. வதனா ஓடி வந்தாள். "அப்பா, என்ரையிலை எந்த எழுத்திலை தடக்கினீங்கள்?" நடுவில் இரண்டு எழுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்பதைக் காட்டினேன். "ஓமப்பா, ஓம்" என்றவள் மட்டையைக் கழற்றிக்கொண்டு திரும்பி ஓடினாள். படம் கீறுவதைப்பற்றி அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

புறப்படும்போது மிஸ், "திங்கக்கிழமை வாறீரோ?" என்று கேட்டார். வதனா, "யோசிச்சுச் சொல்லுறம் மிஸ்" என்றாள்.

1.45. கேணிக்கு அப்பால் கடலோரக் கல்லில் இருந்து இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டோம். கீரிமலைக்கு வராதவர்களுக்குச் சொல்லவேண்டும்: கேணித் தண்ணீர் நல்ல தண்ணீர், இருபதடி தள்ளி உப்புக் கடல் அடிக்கிறது. ஆண்களுக்கு ஒரு கேணி, பெண்களுக்கு வேறு. கோயில் மணி கேட்கும் தூரம். வதனா கையைக் கழுவிவிட்டு வந்து, "அப்பா, நான் நல்லூரிலையே படிக்கிறன்" என்றாள்.

"அங்கை பிடிச்சதோ?"

"பிடிச்சுத்தான் இருந்தது."

"இஞ்சை?"

அவள் சாப்பாட்டுப் பெட்டியை மூடிக் கட்டினாள். பிறகு சொன்னாள்: "அந்த மாஸ்டருக்கு முன்னாலை போய் நிண்டு நீங்கள் என்னெண்டு சொல்லுவியள்? கடையிலை சீனி காணாதெண்டு கேக்கவே உங்களுக்கு வாய் வராது. விடுங்கோ. ரீச்சர் வேலையும் நல்ல வேலைதானே."

கொடுத்த வெற்றிலைக்குப் பதில் சொல்லாமல் பிள்ளையை வேறு இடத்துக்கு அனுப்புவதும் முறையில்லை. நான் போய்க் கதைக்க வேண்டும், இல்லையென்றால் அவள் மூன்று வருடம் சுண்ணாம்புக் காலைக் கீறவேண்டும். எனக்காக அதைக் கீறப்போகிறாள். எழும்பி, "வா, பஸ்ஸுக்கு நேரமாகுது" என்றேன். கடற்கரை வீதியால் வல்வெட்டித்துறைக்குப் போய் வீடு திரும்புவதாகத்தான் எங்கள் திட்டம். அந்தப் பஸ்ஸை விட்டுவிட்டு யாழ்ப்பாணம் பஸ்ஸில் ஏறினேன். அவள் பின்னால் வந்து ஏறினாள்.

4.30. நல்லூர். மண்டபத்தில் பிள்ளைகள் இல்லை. மாஸ்டர் தன் கதிரையில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். எங்களுடைய வெற்றிலைதான். வதனா வாசல் படலையடியில் நின்றுகொண்டாள்.

"என்ன தம்பி, எதையும் விட்டிட்டுப் போட்டியளோ?"

"ஓம் ஐயா. காலமை நான் ஒரு பிழை விட்டிட்டன். பிள்ளை இன்னும் ஒரு இடத்தையும் பாத்திட்டுத்தான் முடிவெடுக்கிறதெண்டு வந்தனாங்கள். கதைக்க வராமல் பையை நீட்டிப் போட்டன்."

அவர் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கினார். "இப்ப வெத்திலையைத் திருப்பிக் கேக்க வந்தீரோ?"

"வெத்திலையை இல்லை ஐயா. பிள்ளையை."

வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். "எந்த இடம்?" சொன்னேன். "லேபல் கீறவோ? அந்தக் கையை வைச்சுக்கொண்டு சவர்க்காரப் பெட்டிக்கோ?"

"ஐயா, எங்கடை வீட்டுக்குப் படம் எண்டு வந்ததெல்லாம் பெட்டியிலையும் கலண்டரிலையும் வந்ததுதான். வேறை படம் நாங்கள் கண்டதில்லை. அதுகளையும் ஆரோ நல்ல கையாலைதானே கீறவேணும்" என்றேன்.

"உது பிள்ளையின்ரை விருப்பமோ, உம்முடையதோ?"

"பிள்ளையின்ரை."

"அப்ப ஏன் அவள் படலையிலை நிக்கிறாள், நீர் கதைக்கிறீர்?"

"குடுத்தது நான்தானே ஐயா."

மாஸ்டர் எங்களை இருக்கச் சொல்லவில்லை. டாப்பைத் திறந்து, அடிமட்டம் வைத்து, வதனாவின் பெயரை வெட்டி ஒரு நேர்கோடு போட்டார். "பிடிக்காட்டி வராமல் நிண்ட பிள்ளையள் கனபேர். வந்து சொன்ன ஆள் நீர்தான்" என்றார். முகத்தில் சிரிப்பு இருக்கவில்லை. நாங்கள் வீதிக்கு ஏறியபிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது: "பிள்ளை! அங்கை போயும் இறுக்கிப் பிடியாதை!"

5.20 பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. கோப்பாய் வரை நின்றோம். வதனா வழியில் கண்ட கடைப் பலகைகளையெல்லாம் வாசித்துக்கொண்டு வந்தாள். எதில் எழுத்து நோஞ்சான், எதில் எழுதினவனுக்கு இடம் காணாமல் போயிற்று என்று எனக்குக் காட்டினாள். நீர்வேலியில் ஒரு பலகையை நானும் பிழை பிடித்தேன். "சரியாச் சொன்னீங்கள்" என்றாள்.

மறுநாளே மிஸ்ஸுக்குத் தபாலட்டை போட்டோம். இப்போது வதனா வல்வெட்டித்துறைக்கு நடந்துபோய்க் கடற்கரை பஸ்ஸில் போய்வருகிறாள். அந்தப் பஸ்ஸில் போகிறவர்கள் வலது பக்கத்தில் இருக்கவேண்டும். தொண்டைமானாறு தாண்டியபின் கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம். நல்லூர்க் கல்லூரியும் நல்ல கல்லூரிதான். ரீச்சர் வேலை விரும்பும் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்வேன்.

தூரங்களை ஒருமுறை சேர்த்து எழுதிவிடுகிறேன். உடுப்பிட்டியிலிருந்து நல்லூர் பதினைந்து மைல், நல்லூரிலிருந்து பஸ் நிலையம் இரண்டு, அங்கிருந்து கீரிமலை பதின்மூன்று. போய்வர அறுபது. நல்லூர்க் கல்லூரியின் படலையிலிருந்து மாஸ்டருடைய கதிரைக்கு இருபத்திரண்டு அடி. அதையும் அன்று பின்னேரம் எண்ணிக்கொண்டுதான் நடந்தேன்.