பானை தெற்கே பொங்கியது

நான்கைந்து வருடங்களுக்கு முன்பு, மாசி மாத வெயிலில், திருவனந்தபுரத்தில் ஆற்றுக்கால் பொங்காலை நாளன்று நடந்தது இது. அந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அன்றைக்கு ஆற்றுக்கால் அம்மன் கோவிலைச் சுற்றி மைல் கணக்கில், நடைபாதை, கடைவாசல், ரயில்வே ஸ்டேஷன் வாசல் என்று ஓரிடம் பாக்கியில்லாமல் பெண்கள் செங்கல் கூட்டி மண்பானையில் பாயசம் பொங்குவார்கள். அடுப்பு முழுக்கப் பெண்களுடையது. ஆண்கள் தண்ணீர் கொடுப்பதோடு சரி. ஊரே புகைக்குள் மூழ்கிவிடும்.

அந்தப் புகைக்குள் கடவுள் நம்பிக்கை கடுகளவும் இல்லாத ஒருத்தி கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்றால் அது நான்தான்.

நான் திருச்சியில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் எல்லோரும் சாமி கும்பிடுவார்கள். நானும் கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். கல்லூரி முடிக்கிற சமயத்தில், யாரோடும் சண்டை போடாமல், பெரிய புத்தகம் எதுவும் படிக்காமல், அந்த நம்பிக்கை தானாக என்னை விட்டுப் போய்விட்டது. தேடிப் பார்த்தேன், இல்லை. அவ்வளவுதான். பிறகு திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை, அங்கேயே உடன் வேலை பார்த்தவரோடு கல்யாணம். கணவர் வீட்டார் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து சாலைக் கடைத்தெருவில் பலசரக்கு வியாபாரம் செய்து, கரமனையில் வீடு கட்டி, ஊரோடு கலந்துவிட்டவர்கள். பாதித் தமிழ், பாதி மலையாளம்.

கல்யாணமாகி வந்த முதல் வாரமே மாமியார் என் கையில் விளக்கைக் கொடுத்தார். "ஏத்தச் சொன்னா ஏத்தறேன் அத்தை. ஆனா எனக்கு நம்பிக்கை கிடையாது, கும்பிடற மாதிரி நடிக்க வராது" என்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விளக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். அதற்குப் பிறகு எப்போதாவது, காய் நறுக்கும்போதோ துணி மடிக்கும்போதோ, ஒரே கேள்வியைக் கேட்பார்: "கஷ்டம்னு ஒண்ணு வந்தா நீ ஆரைக் கூப்பிடுவ மக்ளே?"

சிரித்து மழுப்பிவிடுவேன். ஆனால் அந்தக் கேள்வி பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி இருந்துகொண்டே இருக்கும். நல்ல வேலை, நல்ல மனுஷன், மொட்டைமாடியில் நாலு தொட்டி கத்திரிச்செடி என்று ஒரு குறையும் இல்லாமல்தான் இருந்தேன். இருந்தாலும் ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று தோன்றும், ஒருவேளை இவர் சொல்வதுதான் சரியோ, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாத ஆள்தானோ நான் என்று.

அந்த வருடம் பொங்காலைக்குச் சில நாட்கள் முன்பு அத்தைக்கு மார்பில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. உடனே அதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பல நாட்களாகும் என்றார்கள். கணவர், நாத்தனார், பக்கத்து வீடு என்று எல்லோரும் "ஒண்ணும் இருக்காது" என்று மாறி மாறிச் சொன்னார்கள். அத்தை ஒவ்வொருவர் முகத்தையும் உற்றுப் பார்ப்பார். "உள்ளதா?" என்று கேட்பார். நிஜமா என்று அர்த்தம். பிறகு பேச்சை விட்டுவிடுவார். ஆளே பாதியாகிவிட்டார்.

தையல் பிரிக்காத உடம்போடு அடுப்பு முன்னால் உட்கார முடியாது. தலைமுறை தலைமுறையாக விடாத பொங்காலை. நாத்தனார் போவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவளும் விரதம் இருந்து தயாராகத்தான் இருந்தாள். ஆனால் பொங்காலைக்கு முந்தின நாள் காலையில் அத்தை என்னைக் கூப்பிட்டு, நீதான் போகவேண்டும் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

காரணத்தை அவரே சொன்னார். பானை பொங்கும்போது எந்தப் பக்கம் வழிகிறதோ அது ஒரு நிமித்தம். கிழக்கே வழிந்தால் நினைத்தது சீக்கிரம் நடக்கும், வடக்கே என்றால் கொஞ்சம் தாமதமாகும், தெற்கே என்றால் சங்கடம் இன்னும் தீரவில்லை என்று அந்த ஊரில் சொல்வார்கள்.

"எனக்க மவ தெற்க பொங்குனாலும் கிழக்கன்னு வந்து சொல்லுவா. எனக்க மவனைச் சொல்லவே வேண்டாம். சாமி இல்லன்னு எனக்க மூஞ்சிக்கு நேர சொன்னவ நீயாக்கும். நீ போ மக்ளே. உள்ளதை வந்து சொல்லு."

நாத்தனாருக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கோ சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாத்திகம் பேசினதுக்கு ஒரு மனுஷி எனக்குக் கொடுத்த முதல் சர்ட்டிபிகேட் அதுதான்.

மறுநாள் விடியும்போதே கணவர் என்னைக் கிள்ளிப்பாலம் பக்கம், அத்தை வழக்கமாக அடுப்பு கூட்டும் கடைவாசலில் கொண்டுவிட்டார். பக்கத்து அடுப்பு ஒரு சேச்சியுடையது. வித்துராவிலிருந்து முந்தின நாளே வந்து இடம் பிடித்திருந்தார். அங்கே ஒரு கூட்டுறவு வங்கியில் வேலையாம். நன்றாகப் பேசுவார். நான் அடுப்பு கூட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஏனென்றால் நான் செங்கல்லின் மேல் செல்போனை வைத்து, கொத்தனார் ரசமட்டம் பார்ப்பது மாதிரி மட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். பானை எந்தப் பக்கமும் ஒரு நூல்கூடச் சாயக்கூடாது, வழிவது வழிகிற பக்கம் வழியட்டும், நம் கை அதில் இருக்கக்கூடாது என்பது என் எண்ணம். ஒரு நம்பிக்கைக்காரி என்னை நம்பி அனுப்பியிருக்கிறாளே.

அட பைத்தியக்காரி, கிழக்குப் பக்கத்துக் கல்லைக் கொஞ்சம் தாழ்த்தி வைக்கவேண்டாமா என்று சேச்சி கேட்டார். அந்த வரிசையில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் வைத்திருந்தார்கள். தேவிக்குத் தெரியாதா என்று கேட்டேன். தெரியுமே, அவளும் பெண்தானே, கண்டும் காணாததுபோல் இருப்பாள் என்று பதில் வந்தது. கும்பிடுகிறவர்கள் எல்லாம் கல்லைச் சாய்த்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்க, கும்பிடாத நான் ஒருத்தி மட்டம் பார்த்துக்கொண்டு வியர்த்து வழிந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. கோவில் அடுப்பிலிருந்து தீ ஒவ்வொரு அடுப்பாகக் கைமாறி எங்கள் வரிசைக்கு வந்தது. சேச்சியின் அடுப்பிலிருந்து காய்ந்த ஓலைப் பந்தத்தில் நெருப்பு வாங்கி என் அடுப்பைப் பற்றவைத்தேன். அரிசி வேகத் தொடங்கியது. நுரை கட்டி மேலே ஏற ஏற எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அட, நமக்கு என்ன இதில் என்று என்னை நானே அதட்டினேன். ஒன்றும் பலிக்கவில்லை. 'கிழக்கே போ, கிழக்கே போ' என்று மனதுக்குள் அந்த நுரையிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அது பிரார்த்தனையா என்றால் இல்லை. எதிரே யாரும் இல்லை என்பது அப்போதும் எனக்குத் தெரியும். ஆசை, அவ்வளவுதான். அத்தை நன்றாக இருக்கவேண்டும் என்கிற ஆசை.

சுற்றிலும் குலவை. நுரை கிழக்கு விளிம்பில் எட்டிப் பார்த்தது. நான் பாதி எழுந்துவிட்டேன். அதற்குள் காற்று திரும்பித் தீ மறுபக்கம் சாய்ந்தது. நுரை அப்படியே பின்வாங்கி, தெற்கு விளிம்பில் குபுகுபுவென்று வழிந்து, செங்கல்லையெல்லாம் நனைத்தது.

சேச்சி அதைப் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார். அவருக்கு விஷயம் முன்பே சொல்லியிருந்தேன். சட்டென்று தன் பானையைக் காட்டினார். அது அழகாகக் கிழக்கே வழிந்திருந்தது. இதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போ மோளே, எல்லா மண்பானையும் ஒரே மாதிரிதானே இருக்கு என்றார். எவ்வளவு நல்ல மனசு பாருங்கள். கணவருக்குப் போன் செய்தேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"கிழக்கன்னு சொல்லிரு. ரிப்போர்ட் வாறது வரைக்கும் அம்மா நிம்மதியா இருக்கட்டும். உனக்க கொள்கையை எங்க அம்மாகிட்ட காட்டாத."

அது சுருக்கென்று குத்தியது. மதியத்துக்கு மேல் கோவில் பூசாரிகள் வந்து தீர்த்தம் தெளித்து முடித்த பிறகு, பானையைத் தூக்கிக்கொண்டு கரமனைக்கு நடந்தேன். பஸ் எதுவும் ஓடவில்லை. வழியெல்லாம் இதே யோசனைதான். அவர் சொல்வதில் தப்பென்ன? பாயசம் எந்தப் பக்கம் வழிந்தால் என்ன, எனக்கு அதில் ஒரு அர்த்தமும் இல்லை. அர்த்தமே இல்லாத ஒன்றைப் பற்றிப் பொய் சொன்னால் என்ன குடிமுழுகிப் போகும்? நோயாளி சந்தோஷப்பட்டுவிட்டுப் போகட்டுமே. கிழக்கு என்றே சொல்லிவிடலாம் என்று பாலம் ஏறும்போது முடிவு செய்தேன். இறங்கும்போது அது நிற்கவில்லை. எனக்கு அர்த்தமில்லை, சரி. அத்தைக்கு அது ரிப்போர்ட். அவர் கேட்டது ஆறுதல் இல்லை. ஆறுதல் சொல்ல வீடு நிறைய ஆள் இருந்தார்கள். அவர்களை எல்லாம் விட்டுவிட்டு என்னை அனுப்பியிருக்கிறார்.

வீட்டு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கூட்டம் எப்படி, வெயில் எப்படி என்று ஒன்றும் கேட்கவில்லை.

"எங்க பொங்குச்சு?"

அவர் பின்னால் கணவர் நின்று என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"தெற்கே, அத்தை."

கணவர் விருட்டென்று உள்ளே போய்விட்டார். அத்தையின் கண் நிறைந்து வழிந்தது. அடிப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டாய் என்று என்னை நானே சபித்துக்கொண்டேன். என்ன செய்வதென்று தெரியாமல் பானையோடு தரையிலேயே உட்கார்ந்து, செல்போனில் மட்டம் பார்த்ததிலிருந்து, காற்று திரும்பியது, சேச்சி போட்டோ எடுக்கச் சொன்னது வரை எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, மாமனாரின் கடைசிக் காலத்தைப் பற்றிச் சொன்னார். அது என் கல்யாணத்துக்கு முன்பு நடந்தது. மாமனாருக்குப் புற்றுநோய் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அத்தையிடம் மட்டும் அல்சர் என்று சொல்லியிருக்கிறார்கள், தாங்கமாட்டார் என்று.

"காரம் திங்காதீங்கன்னு அவரை ஏசிக்கிட்டே இருந்தேன் மக்ளே. போகப்போற மனுஷனை ஏசிக்கிட்டே இருந்தேன். எல்லாரும் எங்கிட்ட சிரிச்சுச் சிரிச்சுப் பேசினாவ."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கேட்டார்: "ரிப்போர்ட் வந்தாலும் இதே மாதிரி சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"என்னவா இருந்தாலும்?"

"என்னவா இருந்தாலும் சொல்லுவேன் அத்தை. சொல்லிட்டு எங்கயும் போயிட மாட்டேன், கூடவே இருப்பேன்."

ஒரு பெருமூச்சு விட்டார். பாயசம் கேட்டார். ஒரு வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்தார். "அடி பிடிச்சிருக்கு. இதையும் சொல்லியிருக்கலாம்லா." அன்றைக்குச் சாயங்காலம் அத்தை அசந்து தூங்கினார். கட்டி தெரிந்த நாளிலிருந்து அவர் அப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை. கணவர் சமையலறைக்கு வந்தார். என் கையிலிருந்த கரிப்பானையை வாங்கி அவரே தேய்த்தார்.

ரிப்போர்ட் வந்த அன்று நான் ஆபீசில் இருந்தேன். கணவர்தான் போய் வாங்கினார். சாதாரணக் கொழுப்புக் கட்டி, பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனுஷன் சந்தோஷத்தில் வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொல்ல, அம்மா நம்பவில்லை! டாக்டரே சொன்னார் என்றாலும், சத்தியம் செய்தாலும் ஒரே பதில்: "அவ சொல்லட்டு." பாவம், அவர் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். நான் ஒரு வரி விடாமல் வாசித்துவிட்டு அத்தைக்குப் போன் செய்தேன்.

"ஒண்ணுமில்லை அத்தை. வெறும் கொழுப்புக் கட்டி. நானே வாசிச்சேன்."

"உள்ளதா?"

"உள்ளது."

மறுமுனையில் அழுகையும் சிரிப்புமாக ஏதோ கேட்டது. பக்கத்தில் கணவர், இதைத்தானே நானும் சொன்னேன் என்று புலம்புவதும் கேட்டது. நான் போனை வைத்துவிட்டு, படியிறங்கி, கேண்டீனுக்குப் பின்னால் போய் நின்று தேம்பித் தேம்பி அழுதேன். இத்தனை நாளும் எவ்வளவு பாரத்தைச் சுமந்திருக்கிறேன் என்பது அதை இறக்கி வைத்தபோதுதான் தெரிந்தது. அன்றைக்குக் கிழக்கு என்று சொல்லி, அந்தப் பொய்யை அவர் என் முகத்தில் கண்டுபிடித்திருந்தால், இந்த நல்ல சேதியைச் சொல்லி அவரை நம்பவைக்க எங்கள் வீட்டில் ஒரு ஆள்கூட மிஞ்சியிருக்காது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் விளையாட்டாகக் கேட்டேன், பானை தெற்கேதானே பொங்கியது, அப்புறம் எப்படி என்று. அத்தை அசரவே இல்லை. அம்மன் என் சங்கடத்தையெல்லாம் அந்தப் பக்கமாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்றார். அவர் நம்பிக்கை அவருக்கு. மறு வருடத்திலிருந்து அவரே பொங்காலை இடுகிறார். அடுப்புக்கு மட்டம் பார்க்க மட்டும் என்னை அழைத்துக்கொண்டு போகிறார்.

இப்போதெல்லாம் ஆஸ்பத்திரிச் சீட்டோ, மகன் வாங்கிய கடன் பத்திரமோ, புதிதாகக் கட்டின புடவை நன்றாக இருக்கிறதா என்பதோ, எதுவானாலும் "அவ சொல்லட்டு" என்பது எங்கள் வீட்டில் ஒரு வழக்கமாகிவிட்டது. அந்தப் பழைய கேள்வியை மட்டும் அத்தை பிறகு கேட்கவே இல்லை. கஷ்டம் வந்தால் நான் யாரைக் கூப்பிடுவேன் என்பதற்கு இன்றும் என்னிடம் பதில் கிடையாது. ஆனால் கஷ்டம் வந்தால் என்னைக் கூப்பிட ஒருவர் இருக்கிறார் என்பது, நினைக்கும்போதெல்லாம் எனக்குப் போதுமானதாக இருக்கிறது.