காற்றுக்குப் பின்னால் ஒரு குரல்

போன வாரம் தஞ்சாவூரில் ஒரு சுயாதீனத் திரைப்பட விழாவுக்குப் போயிருந்தேன். இடம், ஒரு கல்யாண மண்டபம். வாசலில் முந்தின முகூர்த்தத்தின் வாழைமரங்கள் வாடி நின்றன. உள்ளே, ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டிப் பகலை வெளியே நிறுத்தியிருந்தார்கள்.

ஏமாற்றங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் எதிர்பார்த்து வந்த படத்தின் ஃபைல் கடைசிவரை ஓப்பன் ஆகவே இல்லை. இன்னொரு படத்தில் ஒருவர் சைக்கிளைத் துடைக்கிறார்... துடைக்கிறார்... நான் வெளியே போய் காபி குடித்துவிட்டு வந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு குறும்படம். எடுத்தவர் ஆரிப், நாகூர்க்காரர். திருத்துறைப்பூண்டிப் பக்கம் அறுவடை முடிந்த வயல்கள். வசனம் இல்லை, இசை இல்லை. உச்சி வெயில், வரப்பு, காற்று — அவ்வளவுதான். இங்கேயும் யாராவது சைக்கிளோடு வந்துவிடுவார்களோ என்று பயந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

பாதிப் படத்தில், என் பக்கத்து நாற்காலிப் பெண் சட்டென்று எழுந்து நின்றார்.

"உட்காருங்க மேடம், மறைக்குது" என்றார் பின்னாலிருந்த ஒருவர்.

அவர் உட்காரவில்லை. ஸ்கிரீனைப் பார்க்கவும் இல்லை. தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

லைட் போட்டதும், மைக்குக்குக் காத்திராமல் ஆரிப்பிடம் கேட்டார். "சார், நடுவுல ஒருத்தர் கூப்பிடுறாரே... யாருங்க அது?"

ஆரிப்பின் முகம் மாறியது. "உங்களுக்குக் கேட்டுச்சா? எங்களுக்கே தெரியலைங்க. ஷூட் பண்ணப்ப சுத்துவட்டாரத்துல ஆளே இல்ல. எடிட்டிங்லதான் கவனிச்சோம். அதை எடுத்தா காத்துச் சத்தமும் சேர்ந்து போயிடுது. அப்படியே விட்டுட்டோம்."

"இன்னொரு தடவை போடுவீங்களா?"

சவுண்டைக் கூட்டிப் போட்டார்கள். முதல் தடவை எனக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை. இப்போது கேட்டது. காற்றுக்குப் பின்னால், வெகுதூரத்தில், வயதான ஓர் ஆண் குரல்.

"ஏ... கலெக்டரு... சாப்புட வா..."

ஆரிப் அந்த இடத்திலேயே படத்தை நிறுத்தினார்.

அந்தப் பெண்ணின் பெயர் செல்வி. திருவாரூரில் பேங்க் ஆபீசர். படத்தில் வந்தது அவருடைய ஊர் வயல்தான். அப்பா அங்கே கூலி வேலை பார்த்து, பிறகு சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கியவர். மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த நாளிலிருந்து அவளைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லையாம். கலெக்டருதான்.

"எப்ப எடுத்தீங்க சார் இதை?"

"போன மாசியிலங்க."

செல்வி முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "அப்பா அதுக்கு முன்னாடி ஐப்பசியிலயே தவறிட்டாரு."

நான்தான் ஏதோ அறிவாளி மாதிரி, "மகளைக் கலெக்டருன்னு கூப்பிடுற அப்பாங்க நம்ம பக்கம் ஊருக்கு நாலு பேர் இருப்பாங்களேம்மா" என்றேன்.

"இருப்பாங்க சார். அப்பா குரல் எனக்குத் தெரியாதா?"



ஆரிப் அந்தத் துண்டை மட்டும் வெட்டி அவர் போனுக்கு அனுப்பினார். செல்வி சாப்பிடக்கூட நிற்கவில்லை. என் நம்பரை வாங்கிக்கொண்டு, அம்மாவைப் பார்க்க ஊருக்கு பஸ் ஏறிவிட்டார். மாலையில் விருது சைக்கிள் படத்துக்குப் போனது. சினிமாவைப் பார்க்கத்தான் நாம் பழகியிருக்கிறோம். கேட்கப் பழகவில்லை.

இரண்டு நாள் கழித்து செல்வியே போன் செய்தார். அம்மாவிடம் இதைப் போட்டுக் காட்டலாமா, கூடாதா என்று பஸ் முழுக்கக் குழப்பமாம். தாங்குவாரா? வீட்டுக்குப் போனால் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, போனை அவர் காதருகே வைத்து, பிளே பட்டனை அழுத்தியிருக்கிறார்.

அம்மா முழுதாகக் கேட்டார். அழவில்லை. திடுக்கிடவும் இல்லை. கீரை ஆய்வதைக்கூட நிறுத்தவில்லை.

"இதுக்கா இம்புட்டு தூரம் ஓடியாந்த? தெனம் மத்தியானம் கூப்பிடுறாருதானே... ஒனக்கு இப்பதான் கேக்குதா?"