அண்ணன் கொண்டுவந்த டோர்ச்

என் அண்ணன் கட்டாரில் காவல் வேலை பார்ப்பவர். போன தடவை லீவில் வந்தபோது எல்லோரையும் போல சொக்லேட்டும் சென்ட்டும் கொண்டுவந்தார். கூடவே ஒரு டோர்ச். உள்ளங்கை நீளம்தான், ஆனால் கையில் வாங்கினால் அம்மிக்குழவி மாதிரி கனத்தது.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகள் பக்கம் சிறுத்தை நடமாடுவதாகப் பேச்சு. பக்கத்து வீட்டு நாயைக் காணோம். என் கணவருக்கு இரத்தோட்டையில் மிளகும் கராம்பும் வாங்கும் கடையில் வேலை. பொழுது சாய்ந்துதான் பஸ்ஸை விட்டு இறங்குவார். அதற்குப் பிறகு தேயிலைக்குள் போகும் ஒற்றையடிப் பாதையில் தனியாக ஏறி வரவேண்டும். நான் போனில் புலம்பியதைக் கேட்டுத்தான் அண்ணன் இதை அவருக்கென்று வாங்கியிருந்தார்.

அன்று மாலை கரண்ட் போயிருந்தது. அண்ணனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வாசலில் நின்று என் மகளுக்கு வகுப்பே எடுத்தார். "ஒருக்கா அமுக்கினா முழு வெளிச்சம். ரெண்டு தரம் அமுக்கினா வெட்டி வெட்டி அடிக்கும், எதிர்ல நிக்கிறவனுக்குக் கண்ணே தெரியாது. இதைச் சுடுற துவக்குக்குக் கீழ மாட்டிக்கவும் செய்யலாம்." துவக்குக்கு நாங்கள் எங்கே போவது, கோழி அறுக்கவே ஆள் தேடுகிற குடும்பம் என்று நான் கிண்டல் செய்தேன்.

அப்போது கீழே வளைவில் கணவர் வருவது மங்கலாகத் தெரிந்தது. "இந்தா பாரு, மச்சான் மூஞ்சி இங்கேருந்தே தெரியும்" என்று அண்ணன் வெளிச்சத்தை அவர்மேல் அடித்தார்.

தெரிந்தது. சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது. அவர் சட்டென்று நின்றார். மரக்கறிப் பையைக் கீழே வைத்தார். ஒரு கையைத் தூக்கினார். மற்றக் கையால் சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டையை மெதுவாக எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். பிறகு சிங்களத்தில், தான் மாத்தளைத் தோட்டத்து ஆள் என்றும் கடையில் வேலை என்றும் பணிவாகச் சொன்னார்.

மகள் சிரித்துவிட்டாள். அப்பா நடிக்கிறார் என்று நினைத்திருக்கிறாள். அண்ணன் பதறிப்போய் டோர்ச்சை அணைத்தார். "மச்சான், நான்தான், நான்தான்" என்று கத்திக்கொண்டே கீழே ஓடினார்.

பிளேன்டீ குடித்து முடித்த பிறகுதான் கணவர் வாய் திறந்தார். கல்யாணத்துக்கு முன்பு, சண்டைக் காலத்தில், கொழும்பில் கடையில் வேலை பார்த்தவர் என்பது எனக்குத் தெரியும். அங்கே ராத்திரிகள் எப்படிப் போயின என்று நான் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை. "செக்கிங்ல ஆமிக்காரன் துவக்கு நுனியிலதான் லைட்டு இருக்கும். பின்னால ஆளே தெரியாது. கேக்குறதுக்கு முன்னாடியே ஐடியைக் காட்டிறணும். பைக்குள்ள கையை வேகமா விட்டாலும் தப்பு" என்றார்.

தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போனாலும் அவர் சட்டைப்பையில் அந்த அட்டை இருக்கும். ஏதோ பழக்கம் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது. அவரைத் தின்றது வேறு. பெற்ற மகளுக்கு முன்னால் கையைத் தூக்கி நின்றுவிட்டார். அன்று அவள் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

அண்ணன் திரும்பிப் போனபின் டோர்ச் அலமாரியில் கிடந்தது. எடுத்துக்கொண்டு போங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "வேணாம். எவன் மூஞ்சிலயாவது அடிச்சிட்டேன்னா?" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அப்ப சிறுத்தைக்கும் ஐடியைக் காட்டப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் அதற்குப் பிறகும் போன் வெளிச்சத்தை வைத்துக்கொண்டே வந்து போனார்.

அவர் வேலைக்குப் போனபின் அந்த டோர்ச்சைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு இருப்பேன். பிடித்திருப்பவருக்குத்தான் அது வெளிச்சம். எதிரே நிற்பவருக்கு இருட்டே தேவலை. இருட்டில் ஆளாவது ஆளாகத் தெரிவார்.

ஒரு சாயங்காலம் மழை இருட்டு. பஸ் போன சத்தம் கேட்டு வெகுநேரமாகியும் அவரைக் காணோம். போனும் போகவில்லை. மேல் லயத்து நாய்கள் விடாமல் குரைத்தன. மகள் அலமாரியைத் திறந்து டோர்ச்சை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அடிக்காதே என்று நான் கத்துவதற்குள் அது எரிந்துவிட்டது.

பாதை இருட்டாகவே இருந்தது. அவள் டோர்ச்சைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள். கண்ணை இறுக மூடியிருந்தாள், ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. "அப்பா, நான்தான்! தெரியுதாப்பா?" என்று கத்தினாள்.

"தெரியுதும்மா" என்றது கீழேயிருந்து அவர் குரல். "இப்ப கீழ அடி, பாதை தெரியட்டும்."

அவள் வெளிச்சத்தைத் தரைக்கு இறக்கினாள். வளைவில் நனைந்துபோய் நின்றிருந்தார். கை சட்டைப்பைமேல் இருந்தது. கையை அங்கிருந்து எடுத்து, கீழே வைத்திருந்த மரக்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்தார்.