காதுக்காரரும் டீச்சரம்மா காரும்

என் வீட்டுக்காரரை ஊரே காதுக்காரர்னுதான் கூப்பிடும். கார் மெக்கானிக். எந்த ஓட்டை வண்டி வந்தாலும் சரி, பின்சீட்டு நடுவுல உட்கார்ந்து கண்ணை மூடிக்குவார். வண்டி வளையும்போது சத்தம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் விரலை நீட்டுவார். "ஜாக்கி போட்டுத் தூக்கி ஆட்டிப் பாக்கறதெல்லாம் காது இல்லாதவன் வேலை"ன்னு பீத்திக்குவார். நானும் அதைக் கேட்டுப் பூரிச்சுப் போவேன், மறைப்பானேன்!

டீச்சரம்மாவோட பழைய கார் திரும்பும்போதெல்லாம் டொக் டொக்குன்னுச்சு. இவர் விரல் இடது பக்கம் நீண்டுச்சு. இடது சக்கரத்தைத் தாங்கித் திருப்பற குண்டு மூட்டு, அந்தப் பால் ஜாயின்டைக் கழட்டிட்டுப் புதுசு போட்டார். அடுத்த வாரமே அந்தம்மா வந்து நின்னாங்க.

"சத்தம் அப்படியேதான் இருக்கு தம்பி. எனக்கென்னவோ வலது பக்கம் கேக்கற மாதிரி இருக்கு."

வந்துச்சே இவருக்குக் கோபம்! "மெக்கானிக் நீங்களா, நானாம்மா?"

"கோவிச்சுக்காதீங்க. நாளைக்குப் பொண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டிட்டு வரணும். வழியெல்லாம் மலை வளைவு. வாயும் வயிறுமா இருக்கிறவளை உக்கார வச்சு ஓட்டணுமே, பயமா இருக்கு." ஸ்பேர் சாமான் அடுக்கிட்டிருந்த என்னைப் பார்த்து, "நீயும் ஏறும்மா, எனக்கு மட்டும்தான் அப்படிக் கேக்குதான்னு சொல்லு"ன்னாங்க.

டீச்சரம்மா ஓட்ட, மைதானத்துல வட்டமடிச்சோம். நான் பின்சீட்டுல இவருக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன். சத்தம் என் காலடியிலேயே வந்துச்சு. இவரோ கண்ணை மூடினபடி இடது பக்கம் விரலை நீட்டறார்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. குனிஞ்சு, "என்னங்க, இந்தப் பக்கம்தாங்க"ன்னேன். மனுஷன் அசையவே இல்ல. திமிரைப் பாருன்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. விரலைப் பிடிச்சு வலது பக்கம் திருப்பினேன். கண்ணைத் திறந்து என் வாயையே பார்த்தார். கண்ணாடியில டீச்சரம்மா எல்லாத்தையும் பார்த்துட்டாங்க. எனக்கு மானமே போச்சு.

பட்டறைக்கு வந்ததும் ஜாக்கியை உருட்டிட்டு வந்தார்.

"என்ன காதுக்காரரே, ஜாக்கியெல்லாம் வெளிய வருது?"ன்னு பக்கத்துப் பெயின்ட் கடைக்காரர் கிண்டலடிச்சார். இவர் வலது சக்கரத்தைத் தூக்கிக் கம்பியால நெம்பினார். விழப்போற பல்லு மாதிரி ஆடுச்சு. இதோட மலையேறியிருந்தா? புது ஜாயின்ட் எடுக்க உள்ளே ஓடினேன்.

திரும்பி வந்தப்ப டீச்சரம்மாகிட்ட பேசிட்டிருந்தார். "நல்லா இருந்ததைக் கழட்டிட்டுக் கெட்டதை விட்டுட்டேன், மன்னிச்சிடுங்கம்மா. வலது காது கேக்கறதில்ல. எந்தச் சத்தமும் இடது பக்கமாத்தான் தெரியுது. ரொம்ப நாளாச்சு."

"வீட்ல சொன்னீங்களா?"

"கூப்பிட்டா திரும்பறதில்ல, திமிர் பிடிச்சவன்னு தினமும் திட்டறா. திட்டட்டும்னு விட்டுட்டேன். செவிடன்னு தெரியறதுக்கு அது தேவலம்மா."

ஜாயின்டைக் கையில வச்சுக்கிட்டு அவர் வலது பக்கம்தான் நின்னேன். வந்து நின்னதே அவருக்குத் தெரியல. சுத்திப் போய் இடது பக்கம் நின்னு ஜாயின்டை நீட்டினேன்.