குளத்தூர் கத்தியின் மூன்று புள்ளிகள்

கோவில்பட்டி சந்தைத் தெருவில் அந்த இரும்புக் கடை இருந்த இடத்தில் இப்போது வேறு என்னவோ இருக்கிறது. ஆனாலும் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் எதிர்ச்சாரியில்தான் நடப்பேன். ஆறின கோபம் என்று என்னிடம் எதுவும் கிடையாது.

நயா பைசா வந்த புதிது. நான் ஒரு தீப்பெட்டி ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து குருமலைக் காட்டுக்குப் போவோம். நடப்பது, சமைத்துச் சாப்பிடுவது, மான் தெரிந்தால் பார்ப்பது, தெரியாவிட்டால் தெரிந்ததாகச் சொல்லிக்கொள்வது. வீட்டுப் பெண்கள் எங்களுக்கு வைத்த பெயர் வேலையத்த கூட்டம். துணிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர்தான் எங்களுக்குத் தலைவர் மாதிரி. எங்களுக்கென்று ஒரு கையெழுத்துப் பத்திரிகையும் இருந்தது. ஒரே பிரதி. வீடு வீடாகச் சுற்றிக் கடைசியில் குழம்புக் கறையோடு என்னிடம் வந்து சேரும்.

காட்டுக்குப் போகிற எல்லோர் இடுப்பிலும் ஒரு கத்தி இருக்கும். விறகு கழிக்க, முள் எடுக்க, வெங்காயம் நறுக்க எல்லாவற்றுக்கும் அதுதான். யார் கத்தி உசத்தி என்று பேச்சு ஆரம்பித்தால் சோறு குழைந்துபோகும் வரை முடியாது. ஒருநாள் பாய் பொறுக்க முடியாமல், "இங்கன உக்காந்து மல்லுக்கட்டுததுக்கு, செய்யுதவங்களையே போய்க் கேட்டுப் பத்திரிகையில எழுதுங்களேன்" என்றார். எல்லோரும் தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

பேட்டி ஏற்பாடு செய்வது அத்தனை லேசான வேலை இல்லை. உலை எரிகிற நாளில் கொல்லர் யாரோடும் உட்கார்ந்து பேசமாட்டார். எங்கள் பக்கம் அமாவாசையன்று மட்டும் உலை மூட்ட மாட்டார்கள். ஆகவே அமாவாசைக்கு ஒரு பேட்டி என்று ஆயிற்று. பத்து நாள் முன்னதாகக் கார்டு போட்டுவிடுவேன். மாதம் தவறாமல் அமாவாசைக்கு லீவு கேட்பதைப் பார்த்து, எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் என்று மேனேஜர் விசாரித்தார்.

துணைக்கு இரும்புக் கடைக்காரன் வந்தான். அவன் எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதன். கத்தியைத் தாளில் வைத்து ஓரம் பிடித்து அச்சு அசலாக வரைவான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பத்திரிகையை நகல் எழுதுவது அவன்தான். குருமலையில் என் கால் பிசகியபோது மூன்று மைல் என்னைத் தாங்கிக்கொண்டே நடந்தவன். இதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

முதல் அமாவாசைக்குப் பார்த்த கொல்லர் எதைக் கேட்டாலும் "எல்லாம் கைப்பழக்கம்" என்றதோடு நிறுத்திக்கொண்டார். இரண்டாவது ஆள் எங்களை விற்பனை வரிக்காரர்கள் என்று நினைத்து, தான் கத்தியே செய்வதில்லை என்று சாதித்தார். அவருக்குப் பின்னால் சுவரில் ஏழெட்டுக் கத்திகள் தொங்கிக்கொண்டிருந்தன.

மூன்றாவது குளத்தூர் ஆசாரி. எட்டயபுரத்தில் பஸ் மாறி, விளாத்திகுளத்தில் மறுபடியும் மாறிப் போய்ச் சேர்ந்தோம். அவருக்கு ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். எங்களுக்காகச் சட்டை போட்டுக் காத்திருந்தார். உப்பளத்துக்கு மண்வெட்டி, காட்டு வேலைக்கு அரிவாள், மற்றபடி கத்தி. பழைய லாரியின் வில்பட்டையை வாங்கிக் காய்ச்சி அடிப்பார். கத்தியின் அடிப்பக்கத்தில் வேப்பிலை மாதிரி ஒரு குறி குத்துவார். அந்தக் குறியுள்ள கத்தி எப்போது முறிந்தாலும் சரி, கொண்டுபோனால் வேறு கத்தி கொடுப்பார். யார் வாங்கியது, எத்தனை வருஷமாயிற்று என்று கேட்பதில்லை. சுற்று வட்டாரத்தில் அவர் பேச்சுக்கு இருந்த மரியாதை இதனால்தான்.

நண்பன் உப்பளம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்துபோன நேரத்தில் நான் கேட்டேன், "வேப்பிலைக் குறியை எவனும் குத்திரலாமே, ஆசாரி?"

அவர் சிரித்தார். "அதுக்கு ஒண்ணு வச்சிருக்கேன். உங்கட்டச் சொல்லுதேன், ஆனா எழுதிராதீங்க, அண்ணாச்சி."

கத்தியின் வால் பிடிக்குள் போய் அரக்கில் மறைந்துவிடுகிறது அல்லவா, அந்த வாலில் மூன்று புள்ளி குத்துவாராம். நடுப்புள்ளி மட்டும் ஆழமாக இருக்கும். முறிந்த கத்தி வந்தால் பிடியைச் சூடாக்கிக் கழற்றிப் பார்ப்பார். புள்ளி இருந்தால் அவர் கத்தி. வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது என்றார்.

எழுதமாட்டேன் என்று சத்தியம் மாதிரிச் சொன்னேன். பஸ்ஸில் திரும்பும்போது, எனக்கு ஞாபகம் பத்தாது என்பதால், தப்பித்தவறிப் பத்திரிகையில் வந்துவிடக் கூடாதே என்று நோட்டில் குறித்துவைத்தேன். மூன்று புள்ளி, நடுப்புள்ளி ஆழம். சுற்றிலும் கட்டம் போட்டு, மேலே "இதை எழுதக் கூடாது" என்று எழுதினேன். எழுதக் கூடாததை எழுதிவைத்த மகா புத்திசாலி நான்தான். மறுநாள் அந்த நோட்டை நகல் எடுக்கச் சொல்லி அவன் கையில் கொடுத்தேன்.

பத்திரிகையில் அந்தச் செய்தி வரவில்லை. ஆசாரியின் பேட்டியை எல்லோரும் இரண்டு தடவை படித்தார்கள். நான் கட்டம் போட்டுவைத்ததை நண்பன் மதித்து விட்டுவிட்டான் என்று எனக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்தது.

ஏழெட்டு மாதம் கழித்து, ஆசாரியை ஒருநாள் குருமலைக்கு அழைத்துவர வேண்டும் என்று கூட்டத்தில் ஆசைப்பட்டார்கள். சொல்லிவிட்டு வர ஓர் அமாவாசையன்று நான் தனியாகப் போனேன். பேசிக்கொண்டிருக்கும்போதே எட்டயபுரம் பக்கத்தில் வெள்ளாமை செய்கிற சம்சாரி ஒருவர் வந்தார். கன்னத்தில் துணி ஒட்டியிருந்தது. கருவேலங்கிளை வெட்டும்போது கத்தி முறிந்து துண்டு தெறித்திருக்கிறது. கண்ணுக்கு ஓர் அங்குலம் கீழே.

ஆசாரி முறிந்த கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குறி என் குறிதான். இரும்பு என் இரும்பில்ல" என்றார்.

சம்சாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒங்க பேச்ச நம்பித்தான வாங்கினேன். இப்படிச் சொன்னா எப்படி?"

"சண்ட வேண்டாம். பிடியக் கழட்டிப் பாத்துருவோம். எல்லாரும் வாங்க." பக்கத்து வீட்டுக்காரர்களையும் அவரே கூப்பிட்டார். அவ்வளவு தைரியம். உலை மூட்டாத நாளானதால் வீட்டு அடுப்பிலிருந்து தணல் கொண்டுவரச் சொன்னார். பிடி சூடேறியது. அரக்கு இளகியது. குறட்டால் பிடித்து இழுத்து, சாம்பலில் துடைத்துவிட்டு, கூட்டத்துக்கு முன்னால் நீட்டினார்.

மூன்று புள்ளி இருந்தது. நடுப்புள்ளி ஆழமாக இருந்தது.

 ஆசாரி விரலால் அந்த நடுப்புள்ளியைத் தடவிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் புதுக் கத்தி ஒன்றை எடுத்துவந்து சம்சாரியிடம் கொடுத்தார். "எங்க வாங்கினீங்க?" என்று மட்டும் கேட்டார். கோவில்பட்டி என்று ஆரம்பித்து, என் நண்பனின் கடையைத்தான் அவர் அடையாளம் சொன்னார்.

கூட்டம் கலைந்த பிறகு ஆசாரி என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, நோட்டுல எழுதினியளா?"

"ஆமா" என்றேன்.

நேரே கடைக்குப் போனேன். ஆணி நிறுத்துக்கொண்டிருந்தான். கல்லாவுக்குப் பின்னால் வேப்பிலைக் குறியோடு கத்திகள் அடுக்கியிருந்தன. இத்தனை நாள் அவற்றை ஆசாரியிடம் கொள்முதல் செய்தவை என்று நினைத்து, நான்கூட இரண்டு பேரைக் கூட்டிவந்து வாங்க வைத்திருக்கிறேன். எவனையோ வைத்து மட்ட இரும்பில் அடித்து, குறியும் புள்ளியும் குத்தி விற்றிருக்கிறான்; முறிந்தால் ஆசாரி தலையில். எப்படிலே உனக்கு மனசு வந்தது என்று கத்தினேன். அவன் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நோட்டு முழுக்க அம்பது பக்கம்வே. நீருதான் கட்டம் போட்டுக் காட்டினீரு. இல்லன்னா எனக்கு எங்க தெரியப்போகுது?"

அவனை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. அவன் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை தாங்க முடியாதது.

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் அவனை வைத்துக்கொண்டே விஷயத்தைப் போட்டு உடைத்தேன். பாய் மட்டும், "இவனோட இனி நான் காட்டுக்கு வரமாட்டேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். மற்றவர்கள் வியாபாரம் என்றால் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும் என்றார்கள். பெரிய சட்டியைச் சுமப்பது அவன். கறிக்குழம்பு வைப்பதும் அவன். நான் பத்திரிகைதானே நடத்தினேன்! என்னை வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. இரு என்றும் யாரும் சொல்லவில்லை. அவன் ஒருத்தன் செய்த துரோகத்தைவிட, அன்றைக்கு அத்தனை பேரும் இலையைப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது.

முறிந்த கத்திகள் பல மாதம் குளத்தூருக்கு வந்துகொண்டே இருந்ததாகக் கேள்விப்பட்டேன். எது தன்னுடையது, எது இல்லை என்று நிரூபிக்க ஆசாரிக்கு வழியில்லை. எல்லாவற்றுக்கும் மாற்றுக் கத்தி கொடுத்தாராம். பிறகு ஒருநாள், இனி முறிந்தால் நான் பொறுப்பில்லை என்று ஊரறியச் சொல்லிவிட்டாராம்.

ஒரு வருஷத்துக்கு மேல் எனக்கு அங்கே போக முகமில்லை. போனேன், அதுவும் அமாவாசைதான். அவர் முகம் சுளிக்கவில்லை. உட்காரச் சொன்னார், குடிக்கக் கலர் வாங்கிவரச் சொன்னார். மழை, உப்பு விலை என்று பேசினோம். சாக்கின்மேல் நாலைந்து புதுக் கத்திகள் கிடந்தன. எதிலும் வேப்பிலை இல்லை.

"குறி குத்துததை விட்டாச்சா, ஆசாரி?"

"வெளிய விட்டாச்சு. உள்ள வேற ஒண்ணு குத்துதேன்."

என்ன குறி என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் கண் என் மடியிலிருந்த பையின்மேல் போய் நின்றது. நோட்டு கொண்டுவந்தால் அந்தப் பையில்தான் கொண்டுவருவேன்.

நான் பையை அவிழ்த்து அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். உள்ளே அவர் பிள்ளைகளுக்கு வாங்கிவந்த கடலைமிட்டாய்ப் பொட்டலம் மட்டும்தான் இருந்தது.