ஐந்து வீட்டு விளக்கு

போன வாரம் தேனியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். உட்காரச் சொல்லிக் கடைக்காரர் காட்டிய பெஞ்சு பெஞ்சே அல்ல. தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்குமே சிலீப்பர் கட்டை, அதில் பழையது ஒன்றை இரண்டு கல்லின் மேல் தூக்கிப் போட்டிருந்தார். மழை விட்டு வெயில் அடித்ததும் அதிலிருந்து தார் வாசனை கிளம்பியது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்து உட்கார்ந்திருந்தேன். அது ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது.

எனக்குக் கல்யாணமான புதிதில் என் சட்டையெல்லாம் இந்த வாசனைதான் அடிக்கும். அப்போது யுத்த காலம். தேனியில் ஒரு பஞ்சு மண்டியில் நான் குமாஸ்தா. குமாஸ்தா என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பொதிகளின் மேல் விலாசம் எழுத வேண்டும், ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ரயிலில் ஏற்ற வேண்டும், ரசீது வாங்கி வர வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் காதில் பென்சில், கக்கத்தில் குடை. குச்சனூரில் அண்ணனோடு சண்டை போட்டு, "இனிமே இந்த வாசப்படிய மிதிச்சா என்னய என்னான்னு கேளு" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தவனுக்கு அந்தக் குடை பெரிய கௌரவம்.

யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமாம், மதுரையிலிருந்து தேனி வழியாகப் போகும் போடி லைன் தண்டவாளத்தையே பிடுங்கப் போகிறார்களாம் என்று சேதி வந்தபோது நாங்கள் யாரும் நம்பவில்லை. ரயிலை நிறுத்துவார்கள், தண்டவாளத்தைக்கூடவா பிடுங்குவார்கள்? பிடுங்கினார்கள். போடியிலிருந்து ஆரம்பித்துப் பிடுங்கிக்கொண்டே வந்தார்கள். எப்படி என்று கேளுங்கள். ஒரு ரயில் நிற்கும். அதற்குப் பின்னால் கிடக்கும் தண்டவாளத்தை ஆட்கள் கடப்பாரை போட்டு நெம்பி, "ஐலசா" என்று தூக்கி, அந்த ரயிலிலேயே ஏற்றுவார்கள். ரயில் கொஞ்சம் முன்னால் நகரும். மறுபடியும் பின்னால் இருப்பதைப் பெயர்த்து ஏற்றுவார்கள். வந்த வழியைத் தானே விழுங்கிக்கொண்டு போகிற ரயில்! அம்மாடி, அது தேனியைத் தாண்டிய அன்று ஊரே வந்து நின்று பார்த்தது. போவது என் பிழைப்பு என்பதே எனக்கு மறந்துவிட்டது. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கடைசிப் பெட்டி கிழக்கே மறைந்த பிறகு திரும்பிப் பார்த்தால், மேற்கே மலை வரைக்கும் வெறும் ஜல்லி மேடு.

மறுநாளே மண்டிக்காரர் என்னை நிறுத்திவிட்டார். "லாரிக்கும் பெட்ரோல் இல்ல. ஒன்னய வச்சுக்கிட்டு நான் என்னப்பா பண்ண?" என்றார். நியாயம்தான்.

நாங்கள் குடியிருந்தது ஸ்டேஷனுக்குப் பின்னால், ஒரே வரிசையாக இருந்த ஐந்து ஓட்டு வீடுகளில் கடைசி வீடு. சொந்தக்காரி வேலம்மாக்கா. பிள்ளைகுட்டி இல்லாத விதவை, நாற்பத்தைந்து வயதிருக்கும். முகப்பில் ஒரு தனி அறையில் இருந்தாள். பின்பக்கக் கொட்டகையில் அவளுக்கு ஒரு எருமை. குடியிருந்ததெல்லாம் ரயிலை நம்பிய கூட்டம். போர்ட்டர், பாயிண்ட்ஸ்மேன், ஜட்கா வண்டிக்காரர், பிளாட்பாரத்தில் வடை விற்றவர். ஒரே வாரத்தில் நாலு வீடும் காலி. நாங்கள் மட்டும் மிச்சம். என் மனைவி செல்லத்துக்கு அப்போது ஏழாம் மாதம். அவளுக்குத் தாயில்லை. எனக்கோ அண்ணன் வீட்டு வாசலை நானே அடைத்துவிட்டு வந்தாயிற்று. இந்த வீடும் போனால் வயிற்றுப் பிள்ளைக்காரியைக் கூட்டிக்கொண்டு எங்கே போய் நிற்பேன்?

அதனால் ஒரு மகா புத்திசாலித்தனம் செய்தேன். வேலை போனதை வேலம்மாக்காவிடம் மறைத்தேன்! "மண்டியில பழைய கணக்கெல்லாம் முடிக்க வேண்டியிருக்கு" என்று செல்லத்தை விட்டுச் சொல்லச் சொல்லிவிட்டு, காலையில் பென்சிலும் குடையுமாகக் கிளம்பிவிடுவேன். ரயிலே இல்லாத ஊரில் ரயில் நேரத்துக்குப் புறப்பட்டுப் போன ஒரே ஆள் நான்தான். மாதம் பிறந்தது, வாடகைக்கு வழியில்லை. அக்கா கண்ணில் படாமலிருக்க எருமைக் கொட்டகை வழியாகச் சுற்றி வீட்டுக்குள் நுழைவேன். அவளும் என்னைக் கண்டால் முந்தானையை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விடுவாள். காலி பண்ணச் சொல்ல நேரம் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"நீங்க அவுகளப் பாத்து ஒளியிறீக, அவுக உங்களப் பாத்து ஒளியிறாக. நடுவுல நானும் வயித்துப் பிள்ளையும் யாரப் பாத்து ஒளிய?" என்றாள் செல்லம்.

ஒருநாள் சாயங்காலம் கொட்டகைக்குள் குனிந்து நுழைகிறேன், எருமைக்கு அந்தப் பக்கம் அக்கா குறுகி உட்கார்ந்திருக்கிறாள். நான் முன்வாசல் வழியாக வருவேன் என்று எண்ணி அங்கே வந்து ஒளிந்திருக்கிறாள்! இரண்டு பேருக்கும் ஓட வழியில்லை. எருமை எங்களை மாறி மாறிப் பார்த்தது.

"அக்கா, ஒரே ஒரு மாசம்..." என்று ஆரம்பித்தேன்.

அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். "தம்பி, காலி பண்றேன்னு மட்டும் சொல்லிராதீக. உங்களுக்கு வேல போனது அன்னிக்கே தெரியும். வாடகை கெடக்குது. நாலு வீடு இருண்டு போச்சு. உங்க வீடும் இருண்டுட்டா இங்கன ஒத்தையில நான் எப்பிடிக் கெடப்பேன்?"

நான் அப்படியே வைக்கோலில் உட்கார்ந்துவிட்டேன். நான் அவளுக்குப் பயந்த நாளெல்லாம் அவள் எனக்குப் பயந்திருக்கிறாள்!

வாடகைக்குப் பதிலாக அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள். "பொழுது சாய அஞ்சு வீட்டுலயும் வெளக்கு எரியணும். செல்லமும் நானும் ஏத்துறோம். இருண்டு கெடக்குற வீட்டுக்கு எவன் குடிவருவான்?"

"ரயிலே இல்லையேக்கா, யாரு வரப்போறா?"

"தண்டவாளத்தத்தானே தம்பி பிடுங்கிட்டுப் போனாக? மேடு அங்கனதானே கெடக்கு" என்றாள்.

மண்ணெண்ணெய் கண்ணில் காணக் கிடைக்காத காலம். கொட்டகை ஓரத்தில் ஆமணக்கு காடாக மண்டியிருந்தது. அதன் விதையை வறுத்து, இடித்து, காய்ச்சி எண்ணெய் எடுத்தோம். இடித்தது யாரென்கிறீர்கள்? காதில் பென்சில் வைத்த குமாஸ்தாதான்.

வேலை தேடி உத்தமபாளையம் வரை போய்விட்டு, ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் அந்த ஜல்லி மேட்டின் மேல் நடந்து வந்தேன். ஊர் மங்கிக் கிடந்தது. அதற்கு அப்பால் கறுப்பாக மலை. கீழே வரிசையாக ஐந்து விளக்கு. எண்ணெய்க் கிண்ணத்தோடு அக்காவும், இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு செல்லமும் கடைசி வாசலில் நின்றார்கள். நாலு வீட்டில் ஆளில்லை என்று தெரிந்த எனக்கே, போர்ட்டரும் ஜட்காக்காரரும் திரும்பி வந்து உள்ளே சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள் என்று ஒரு நிமிஷம் பட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ கோவில்களில் தீபம் பார்த்துவிட்டேன். அன்றைக்குப் போலக் கை தானாகக் குவிந்ததில்லை.

எங்கள் பையன் அந்த வீட்டில்தான் பிறந்தான். அக்காதான் முதலில் கையில் ஏந்தினாள். அவன் குப்புற விழுந்த மாதம் உத்தமபாளையத்தில் ஓர் அரிசி மில்லில் எனக்குக் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. அதைச் சொல்ல அக்காவிடம் போய் நின்றேன். அவளே, "போயிட்டு வாங்க தம்பி. பிள்ளைக்கு எண்ண தேச்சுக் குளிப்பாட்டுங்க" என்று ஒரு பாட்டில் விளக்கெண்ணெயைக் கொடுத்தாள். இனி யார் விளக்கேற்றுவார்கள் என்று அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு வருஷம் கழித்து, மதுரைக்குப் பஸ்ஸில் போகும்போது பொழுது சாய்ந்த நேரத்தில் தேனி வந்தது. எட்டிப் பார்த்தேன். ஐந்து விளக்கும் எரிந்தன. எங்கள் வீட்டிலும் எரிந்தது. "அடி செல்லம், அக்காவுக்கு அஞ்சு வீட்டுக்கும் ஆள் வந்துருச்சுடி!" என்றேன். இரண்டு பேரும் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டோம். இறங்கவில்லை.

வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷம் கழித்துத் தண்டவாளம் திரும்பி வந்தது. அதே மேட்டின் மேல்தான் போட்டார்கள். அக்கா சொன்னது பலித்துவிட்டதே என்று ஆசையாகப் போய் இறங்கினேன். சரிந்த சுவரும் ஆமணக்குப் புதரும்தான் இருந்தன. பக்கத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன். "வேலம்மாக்காவா? அவுக போயி வருசமாச்சே. குடியிருந்தவுகளா? கைப்பிள்ளையோட ஒரு குமாஸ்தா காலி பண்ணிப் போனாரு, அதுக்கப்புறம் ஒருத்தரும் வரல. கடைசி வரைக்கும் அவுகளே ஒத்தையில அஞ்சு வெளக்கும் ஏத்துனாக" என்றாள்.

இப்போது அந்த இடத்தில் மூன்று மாடி லாட்ஜ். சுவருமில்லை, ஆமணக்குமில்லை. டீக்கடைக் கட்டையில் நான் உட்கார்ந்திருக்கும்போதே இருட்டிவிட்டது. யாரோ ஒரு சுவிட்சைப் போட்டார்கள், எதிரே லாட்ஜில் எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தன. ஊரில் யார் வேண்டுமானாலும் அக்காவின் விளக்கைப் பார்த்து ஏமாந்திருக்கலாம். நான் ஏமாந்திருக்கலாமா? அதற்கு விதை இடித்தவன் நான்தானே.