கண்ணாடிக்கடைப் பாதகி

கொல்வதற்கு முன்னால் அவர் தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சும்மா கொடுக்கிறாரே, அந்த மஞ்சள் துணியால்தான். வாயால் ஊதி, நிதானமாக, இரண்டு பக்கமும். பிறகு மாட்டிக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுப்பார். "போய்ட்டு வாப்பா" என்பார். அவரை நம்பிப் பல மாதமாகக் கூடவே நடந்த திருடன் ஒருவன் பாலத்திலிருந்து ஆற்றில் விழுவான். கணினித் திரையில் தண்ணீரில் கிடக்கும் நிலவு உடைந்து, ஆடி, மெல்ல ஒன்று சேரும். அவர் ஆறிப்போன தேநீரை எடுத்து ஒரு மிடறு குடிப்பார்.

கீழே கடையில் பார்த்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத மனுஷி. வருகிறவர் எவரானாலும் அண்ணா, அக்கா, தம்பி, ஏதாவது ஒரு முறை வைத்துவிடுவார். கனமான சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, "ஒண்ணா, ரெண்டா? எது தெளிவு?" என்று கேட்பார். பதில் சொல்லத் தெரியாமல் திணறினால், "மெதுவாச் சொல்லுங்க, கண்ணு நம்ம கண்ணுதானே, எங்க ஓடிப்போகுது?" என்பார்.

கண்ணாடிமேல் உட்காருவது எனக்குப் பரம்பரைச் சொத்து. அதனால் அந்தக் கடைக்கு நான் நிரந்தர வாடிக்கை. "அண்ணா, இதை மூக்குல போடணும். நாற்காலியில போடக் கூடாது" என்று ஒவ்வொரு தடவையும் சிரிக்காமல் சொல்வார். அப்படி ஒரு சாயங்காலம், கண்ணாடியின் ஒடிந்த காலை ஒட்டிவிட்டு, "பசை காயட்டும், மேல வாங்க, டீ குடிக்கலாம்" என்று அழைத்தார். கடைக்கு மேலேதான் வீடு. அங்கேதான் அவருடைய மறுபிறவியைப் பார்த்தேன்.

கணினி, வேலைக்கு வெளியூர் போன மகன் விட்டுச் சென்றது. அதிலிருந்த விளையாட்டில் வாளும் மந்திரமும் பாழடைந்த கோட்டைகளுமாக ஓர் உலகம். எல்லோரும் அதில் வீரனாகப் பிறந்து நாட்டைக் காப்பாற்றுவார்களாம். இவர் உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை இரும்பு போட்ட ஓர் அரக்கியாகப் பிறந்திருக்கிறார். பெயரையும் அவரே தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்: பாதகி.

பாதகி வாக்குக் கொடுப்பாள், மீறுவாள். அடைக்கலம் தந்த வீட்டுக்கே தீ வைப்பாள். வழியில் சேரும் துணைவர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுவாள். ஆனால் அதிலும் ஒரு நியாயம் உண்டு. துணைவன் தன் கதையை முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை அவன்மேல் கை வைக்கமாட்டார். "அவன் அம்மா என்ன ஆனாங்க, காதலிச்சவ என்ன ஆனா, எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான். பாதிக் கதையோட ஒருத்தனை அனுப்பறது பாவம்ணா."

ஏன் இந்தக் கொலைவெறி என்று கேட்டேன். "நாள் பூரா 'சரிங்க, ஆகட்டுங்க, நாளைக்கு வாங்க'ன்னு சொல்லிச் சொல்லி வாயே வலிக்குது. இங்க வந்து நாலு பேரைப் போட்டாத்தான் மறுநாள் சிரிக்க முடியுது" என்றார்.

அந்த அறையில் இன்னொருவர் உண்டு. அவருடைய அக்கா. கணவர் இறந்த பிறகு தங்கையோடு வந்து தங்கியவர். வந்த அன்றே கண்ணாடியைக் கழற்றி எங்கோ போட்டுவிட்டார். "இனிமே எதைப் பாத்து என்ன ஆகப்போகுது?" என்றாராம். அதற்குப் பிறகு பேச்சும் நின்றுவிட்டது. கேட்டால் ஒரு சொல், இல்லையென்றால் அதுவும் இல்லை. கதவு நிலையில் இடித்துக்கொள்வார். உப்பா சர்க்கரையா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பார். தங்கை அவருக்காகப் புதுக் கண்ணாடி ஒன்று செய்து பெட்டியில் வைத்துக் கணினிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். பெட்டி திறக்கப்படாமலே கிடந்தது. ஊர்க் கண்ணையெல்லாம் சரிசெய்கிறவருக்கு வீட்டிலிருக்கும் இரண்டு கண்கள் வசப்படவில்லை.

ஒரு சாயங்காலம் திரையில் மழை. நாணல்கள் சாய்ந்து நிமிரும் ஆற்றங்கரையில் பாதகியும், வெள்ளை உடுப்போடு கையில் விளக்கேந்திய மருந்துக்காரியும் நடந்துகொண்டிருந்தார்கள். மருந்துக்காரி ஒரு துணைவி. காயம்பட்டவன் யாரானாலும் குனிந்து கட்டுப்போடுகிறவள். பின்னாலிருந்து அக்கா தாமாகவே வாயைத் திறந்தார்.

"பாத்துப் போடி தங்கச்சி. தண்ணி ஆழமா இருக்கும்."

தங்கை விசையிலிருந்து கையை எடுத்துவிட்டார். ஒரு வருஷத்துக்குப் பிறகு கேட்காமலே வந்த முதல் பேச்சு. திரும்பிப் பார்த்தால், அக்கா கண்ணை இடுக்கிக்கொண்டு அந்த வெள்ளைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் விஷயம் புரிந்தது. விளக்கோடு போகிறவள்தான் தங்கை என்று அக்கா நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அன்றிலிருந்து பேச்சு பெருகியது. "அந்த இரும்புத் தடியன் உன் பின்னாடியே வர்றானே, நல்லவன் மாதிரி தெரியல." "கூட வந்த பாட்டுக்காரனை முடிச்சுட்டான், பாத்தியா? நீ அவன்கிட்டேருந்து தள்ளியே நில்லு." என்னிடமும் பெருமையாகச் சொன்னார்: "சின்ன வயசுலேருந்தே என் தங்கச்சி இப்படித்தான். யாருக்கு அடிபட்டாலும் ஓடுவா."

"சொல்லிடலாம்னு நாக்கு நுனிவரைக்கும் வருதுண்ணா" என்றார் தங்கை கடையில், தாழ்ந்த குரலில். "சொன்னா மறுபடி வாயை மூடிக்குவாளோன்னு பயமா இருக்கு."

கொலை தன் கணக்கைக் கேட்காமல் விடாது. பாதகி கடைசியில் கறுப்பு அரியணையின் வாசலுக்கு வந்துவிட்டாள். இத்தனை அக்கிரமமும் அதற்காகத்தான். ஆனால் வாசல் திறக்க ஒரு துணைவரைப் பலி தர வேண்டும். மற்ற எல்லோரையும் முன்பே தீர்த்தாகிவிட்டது. மிச்சமிருப்பது மருந்துக்காரி ஒருத்திதான். அக்காவின் கண்ணெதிரே அவளைக் குத்தினால், அக்காவைப் பொறுத்தவரை செத்துவிழுவது தங்கை. அதனால் பாதகி பல நாள் அந்த வாசலை விட்டுவிட்டுக் காட்டில் காளான் பறித்தாள். குதிரை வாங்கினாள். காரணமே இல்லாமல் மலை ஏறி, பனி மேகங்களுக்கு நடுவே விடியும்வரை சும்மா நின்றாள். அவளோடு விளக்கும் நின்றது.

போன வாரம் நான் மறுபடி கண்ணாடிமேல் உட்கார்ந்தேன். மேலே போனபோது மழைச் சத்தம் கேட்டது. மழை திரைக்குள். அலைந்து அலுத்துப் பாதகி வாசலுக்கே திரும்பியிருந்தாள். திரையில் இரண்டு வரிகள் காத்திருந்தன. ஒன்று, பலி கொடு. இரண்டு, திரும்பிப் போ.

"அந்தப் பெட்டியை எடு" என்றார் அக்கா.

"எந்தப் பெட்டி?"

"கண்ணாடிப் பெட்டிடி. இத்தனை நாளாச்சு, உன் முகம் அங்க எப்படி இருக்குன்னே நான் பாக்கல."

தங்கை என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். தான் ஆசையாய்ச் செய்துவைத்த அந்தக் கண்ணாடியைத் தானே அக்காவின் காதில் மாட்டிவிட்டார். அக்கா எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார். வெள்ளை உடுப்பைப் பார்த்தார். இரும்பைப் பார்த்தார். அதன் தலைக்குமேல் மிதந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ஒரு அடி நட பாப்போம்."

தங்கை விசையைத் தொட்டார். இரும்பு நடந்தது.

"அப்ப அந்தத் தடியன் நீயா?"

"ஆமாக்கா."

"பாட்டுக்காரனை?"

"நான்தான்."

"பாலத்துலேருந்து தள்ளினது?"

"அதுவும் நான்தான்கா."

அக்கா கண்ணாடியின் காலில் கை வைத்தார். கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு மறுபடியும் மௌனத்துக்குள் போய்விடுவார் என்றே நினைத்தேன். அவரோ நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விரலால் அந்த இரும்பு முகத்தைத் தொட்டார்.

"எந்நேரமும் இந்தக் குல்லாதானா? உள்ள வேர்க்காதாடி?"

தங்கை தம் கண்ணாடியைக் கழற்றினார். மஞ்சள் துணியை எடுத்தார். ஊதி, நிதானமாக, இரண்டு பக்கமும் துடைத்தார். எனக்கு அந்த வழக்கம் தெரியும், மருந்துக்காரியைப் பார்க்கவே மனம் வரவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டார். திரையில் சுட்டியின் அம்பு நகர்ந்தது. ஒன்றில் நிற்கவில்லை, இரண்டிலும் நிற்கவில்லை. திரை ஓரத்திலிருந்த பாதகியின் மூட்டையைத் திறந்து, பிறந்த நாளிலிருந்து பாதகி கழற்றாத அந்தத் தலைக்கவசத்தைக் கழற்றி உள்ளே வைத்தார்.